குவோன் வீட்டுச் சந்தை

கொரியாவின் மாசான் துறைமுகத்தை ஒட்டியிருந்த அந்தச் சந்தைக்கு ஓக்புன் மருமகளாக வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. போருக்குப் பின் அகதிகளால் ஊர் நிரம்பியிருந்த காலத்தில் மாமனார் குவோன் தகரக்கூரை போட்டுக் கட்டியது. இடப்பக்கம் மீன், வலப்பக்கம் இறைச்சி. சாகும்போதும் அப்படியே பிரித்தார்: மீன் ஓக்புனின் கணவனான மூத்தவனுக்கு, இறைச்சி இளையவன் பியோங்கிலுக்கு. பத்திரம் மட்டும் ஒன்றுதான். ஒருவர் கையெழுத்துக்குப் பதிலான தன் முத்திரையைக் குத்தாமல் மற்றவர் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது.

மூத்தவன் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். மீன் பக்கம் ஓக்புன் கைக்கு வந்தது. அங்கே பலகை போட்டு விற்ற பதினொரு பெண்களும் கணவனை இழந்தவர்கள், அல்லது இருந்தும் இல்லாதவர்கள். உங்களை இங்கிருந்து எழுப்பிவிட மாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அடுக்குமாடி கட்டுகிறவர்கள் இடத்தைக் கேட்டு வந்த வருடம், பியோங்கில் ரத்தக்கறை மேலங்கியோடு அவள் பலகை முன்னால் வந்து நின்றான்.

"அண்ணி, இப்ப வித்தா ரெண்டு குடும்பமும் பொழைச்சுக்கும். முத்திரை மட்டும் குத்துங்க."

"இவங்கெல்லாம் எங்க போவாங்க?"

"இவங்க உங்களுக்காக நிப்பாங்கன்னா நெனைக்கிறீங்க?"

அவள் குத்தவில்லை. அன்றோடு அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். பத்து வருடம் இருவரும் ஒரே கூரைக்கடியில், நடுவில் ஒரு சாக்கடை மட்டும் இருக்க, முகம் பார்க்காமல் அவரவர் மீனையும் இறைச்சியையும் வெட்டினார்கள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே பேரங்காடி வந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சொல்லிக்கொண்டு போனவள் மல்சுன் ஒருத்திதான். முப்பது வருடம் அடுத்த பலகையில் கணவாய் உரித்தவள். பேரங்காடியின் மீன் பிரிவில் வேலையாம். ஓக்புன் கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் பனிக்காலத்தில் வெடித்துச் சீழ் கட்டியிருந்த தன் விரல்களை நீட்டி மல்சுன் சொன்னாள்: "அங்க குழாயில சுடுதண்ணி வருதுக்கா."



அந்த இலையுதிர்காலப் புயலில் கடலே சந்தைக்குள் ஏறியது. தகரம் பிய்ந்து பறந்தது. பியோங்கிலின் குளிர் அறை சேற்றில் கவிழ்ந்து, உள்ளே வெட்டி வைத்திருந்த பன்றிகள் நாறிக் கிடந்தன. மூன்றாம் நாள் ஓக்புன் முத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். தன் பிடிவாதம்தான் இரண்டு குடும்பத்தையும் கெடுத்தது என்று தலைகுனிந்து சொன்னாள்.

 பியோங்கிலுக்குத் தலை முழுக்க நரைத்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"யாரு வாங்குவா அண்ணி? கடல் ஏறுற எடம்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"கேட்டுப் பாக்கலாமே, தம்பி."

"கேட்டுட்டேன். உங்க முத்திரைய நானே போலியாச் செஞ்சுக்கலாம்னு துணிஞ்சுதான் கேட்டேன். அப்பவும் எவனும் வரல."

அவன் அதை வெட்கப்படாமல் சொன்னான். அவளுக்கும் கோபம் வரவில்லை. அவன் மனைவி பார்லி நீர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தார்கள்.

குளிர் தொடங்குமுன் நகராட்சி சந்தை வாசலில் கயிறு கட்டி, ஆபத்தான கட்டடம் என்று எழுதிப் போட்டது. பியோங்கில் மகள் வீட்டோடு போய்விட்டான். ஓக்புன் கயிற்றுக்கு வெளியே, நடைபாதையில், வாளைமீன் நாலைந்தைத் தட்டில் வைத்து உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மதியம்வரை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. கை விறைத்தபோது எழுந்து, மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.