பதினொன்றாம் தூணின் மஞ்சள் கோடு

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். முழுசாகக்கூட இல்லை, பாதி.

திருவொற்றியூர் தேரடியில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இருந்தார்கள். அவள் கைப்பேசியில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடியது: ரோலர் கோஸ்டர், அலறல், கடல். "நிறுத்து, நிறுத்து. தோ, அங்க," என்றான் அவன். அவள் நிறுத்தினாள். "இன்னா கீது அங்க?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் டோல்கேட் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டார்கள்.

அவன் எதைப் பார்த்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே இனி வருவது எல்லாம் நான் கட்டியது. அந்தப் பூங்காவும் நான் கட்டியதுதான். எண்ணூர் விரைவுச் சாலையில் தேடிக்கொண்டு போக வேண்டாம். ஆனால் நட்டும் போல்ட்டும் நான் சொல்கிறபடிதான் வேலை செய்கின்றன. சந்தேகம் வந்தால் என்னைச் சந்தேகியுங்கள், நட்டை விட்டுவிடுங்கள்.

2

முதல் தொடக்கம்: "கடலோரத்தில் எஃகு நாகம் ஒன்று நெளிந்து" – வேண்டாம். இது விளம்பரக்காரன் மொழி.

இரண்டாவது: "ஜெரால்டுக்கு உயரம் என்றால் பயம், ஏனென்றால் சின்ன வயதில்" – இதுவும் பொய். ஜெரால்ட் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பராமரிக்கிற ஃபிட்டர். நூறு அடிக்கு மேலே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவன். அவனுடைய பயமெல்லாம் வேறு ஒருவன் இறுக்கிய நட்டின் மேல்தான்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: சூறை திறப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஜெரால்டின் மனைவி டெபோராவுக்கு முதல் வண்டியில் முதல் வரிசை கிடைத்தது.

சூறை என்பது அந்த ரோலர் கோஸ்டரின் பெயர். டெபோராவுக்கு மாத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எந்த நாட்டு ரோலர் கோஸ்டர் எவ்வளவு உயரம், எதில் எத்தனை முறை தலைகீழாகப் போகும் என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். ஒன்றில்கூட ஏறியதில்லை. எட்டு வருஷமாக எல்லாம் கைப்பேசியில்தான். 'செங்குத்து' என்று ஒரு வாட்ஸாப் குழு நடத்துகிறாள். சூறையின் விளம்பரங்களை அந்தக் குழு பிரித்து மேய்ந்ததைப் பார்த்துவிட்டுப் பூங்காக்காரர்களே அவளைக் கூப்பிட்டுச் சீட்டுக் கொடுத்தார்கள்.

ஜெரால்டும் அந்தக் குழுவில் இருக்கிறான், மனைவியின் ஆசைக்காக.

(இந்த வாக்கியத்தை அப்படியே விடுகிறேன், ஆனால் நம்பவில்லை. அவள் எதில் ஏறப்போகிறாள் என்று வேவு பார்க்கத்தான் சேர்ந்திருப்பான்.)

3

மூன்றாவது விளம்பரம் வந்த ஞாயிற்றுக்கிழமை, குழுவில் வாய் அதிகமுள்ள இருவர் காலடிப்பேட்டையில் இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒருவன் திருமலை, காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக். இன்னொருத்தி ஜீனத், யானைக்கவுனியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். விளம்பரத்தை டிவியில் போட்டார்கள்.

"கிராஃபிக்ஸு மாமு இது," என்றான் திருமலை. "கடலப் பாரு. நம்ம கடலு என்னிக்கு இந்த நீலத்துல இருந்துச்சு?"

"கலர் ஏத்திகீறாங்கண்ணே. நான் டெய்லி கல்யாணப் பொண்ணு மூஞ்சிக்கு ஏத்தறதுதான்," என்றாள் ஜீனத்.

"அதெல்லாம் வுடு," என்றாள் டெபோரா. "மொத வீடியோல எறக்கம் நாலு செகண்டு. இதுல மூணரை. நடுவுல எதையோ வெட்டிகீறான்."

மூன்று பேருக்கும் மூன்று சந்தேகம், மூன்றும் சந்தோஷமான சந்தேகம். ரசிகர்கள் அப்படித்தான். ஏமாற்றுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதிலும் ஒரு கொண்டாட்டம்.

"கொஞ்சம் பின்னால போ," என்றான் ஜெரால்ட். "நிறுத்து."

விளம்பரம் ஒரு தூணின் காலடியில் தொடங்குகிறது. தூணில் 11 என்ற எண். கீழே தரையோடு பிணைத்த இரும்புத் தகடு, அதில் நட்டுகள். அங்கிருந்து கேமரா மேலே ஏறுகிறது. பின்னால் ஒரு பக்கம் கடல், நேர் எதிரே தூரத்தில் எண்ணூர்ப் புகைபோக்கிகள், தலைக்கு மேல் பாய்கிற வண்டி. எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். ஜெரால்ட் தகட்டைப் பார்த்தான்.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு ஆசையாகவும் இருக்கிறது. கனமான எதையும் போல்ட் போட்டு நிறுத்துகிறவர்கள், நட்டைச் சரியான அளவு முறுக்கியதும், நட்டிலிருந்து தகடுவரை ஒரே இழுப்பில் பெயிண்டால் ஒரு கோடு போடுவார்கள். நட்டு அசையாதவரை கோடு ஒன்று. கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும், பாதி நட்டின் மேல், பாதி தகட்டின் மேல். கருவி வேண்டாம், கண் போதும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இரும்புப் பாலம் எதைக் கண்டாலும் நான் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

முதல் விளம்பரத்தில் பதினொன்றாம் தூணில் எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. மூன்றாவதில் ஒன்று உடைந்திருந்தது. கடிகாரத்தின் பெரிய முள் ஐந்து நிமிஷம் நகர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு.

"ஆரம்பிச்சிட்டான்யா," என்றாள் டெபோரா. "ரெண்டு வருசம் முன்ன பொருட்காட்சில இன்னா சொன்ன நீ? ராட்டினத்துல பின்னு தேஞ்சிகீதுன்னு வரிசைலேர்ந்து என்னை இழுத்துகினு வந்த. அந்த ராட்டினம் கடைசி நாள் வரிக்கும் சுத்திச்சு. ஒரு செருப்புகூட கீழ வுழல."

"இது வேற டெபோ."

"உனுக்கு எப்பவுமே இது வேறதான்."

திருமலை டிவிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். "இரு அண்ணி. இரு. எந்தப் பக்கம் திரும்பிகீது? கடியாரம் சுத்தற பக்கம். அப்ப இறுகிகீது மாமு, கழல்ல. எவனோ செக் பண்ணி இன்னும் கொஞ்சம் முறுக்கிட்டு, புதுக்கோடு போட மறந்துட்டான். அவ்ளோதான்."

ஜெரால்ட் பார்த்தான். உண்மைதான், வலப்பக்கம்தான் திரும்பியிருந்தது. இறுக்கும் திசை.

"போ, எல்லாருக்கும் டீ போடு, இன்ஜினியரு," என்றாள் டெபோரா. ஜீனத் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஜெரால்ட் போய் டீ போட்டான். தோற்றதில் அவனுக்குச் சந்தோஷம்தான்.

(கதையை ஒருமுறை இங்கேயே முடித்துவிட்டேன். சந்தேகப்பிராணி ஒருவன், டீ, சிரிப்பு. நன்றாகத்தான் இருந்தது. நான்கு நாள் கழித்துப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது.)

4

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஷிஃப்ட் முடிந்து ஜெரால்ட் விரைவுச் சாலையில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். முன்கண்ணாடியில் எண்ணூர்ப் புகைபோக்கிகள். வலது கைப் பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கறுப்புப் பாறைகள், கடல். இருபது வருஷமாக இதே காட்சி. வீட்டுக்குப் போகிறபோது கடல் வலப்பக்கம். வேலைக்குப் போகிறபோது இடப்பக்கம்.

விளம்பரத்தில் புகைபோக்கிகள் எதிரே இருந்தன. கடல் இடது கைப் பக்கம் இருந்தது.

அவன் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி ஜீனத்துக்கு ஃபோன் போட்டான்.

"தோ பாக்கறேன்ணே... அட ஆமா! திருப்பிப் போட்டுகீறாங்க. தெறக்கற தேதிய இடதுபக்கம் எழுதணும், அங்க வெத்துக் கடல் வேணும்னு திருப்பிகீறாங்க. நாங்களும் பண்றதுதான். பந்தி சீனுல மட்டும் பண்ண மாட்டோம், மொத்தக் கல்யாணமும் லெஃப்டு கையால துன்ற மாதிரி ஆயிடும்."

படம் கண்ணாடிப் பிம்பம் என்றால் சுற்றும் திசையும் பிம்பம்தான். நம்பாவிட்டால் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுங்கள். மூடி கண்ணாடியைப் பார்க்கும்படி நீட்டிப் பிடித்து, கழற்றுங்கள். கண்ணாடிக்குள் பாருங்கள்: மூடி இறுகுகிற திசையில் சுற்றும்.

அந்த நட்டு இறுகவில்லை.

(இதை எழுதியபோது தூணின் எண் 14. எண் இடம்வலம் மாறித் தெரிந்தால் குருடனும் கண்டுபிடித்துவிடுவானே என்று பிறகு பயந்து, பின்னால் போய் எல்லா இடத்திலும் 11 என்று மாற்றினேன். 11-ஐத் திருப்பினாலும் 11. நீங்கள் படிக்கும்போது சந்தேகம் வரவில்லை அல்லவா? அதைத்தான் சொல்கிறேன்.)

திருமலை நொந்துபோனான். "கடல்லயே பொறந்தவன் மாமு நான். கலர மட்டும் பாத்துகினு உட்டுட்டேனே."

ஜெரால்ட் பூங்காவுக்கு ஃபோன் செய்தான். தூண் எண், நட்டு, கோடு எல்லாம் பொறுமையாகச் சொன்னான். "நோட் பண்ணிக்கிட்டோம் சார்," என்றது ஒரு குரல். மறுநாள் அந்த விளம்பரம் ஆறு நொடி குறைந்திருந்தது. தூணின் காலடி இல்லை. நேராக வானத்தில் தொடங்கியது.

சரிசெய்துவிட்டு வெட்டினார்களா? வெட்டியதோடு சரியா?

5

எனக்கு ஜெரால்டின் மேலும் சந்தேகம் இருக்கிறது. ராட்டினத்தில் தோற்றவன். ஒருமுறையாவது தான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்படுகிறானோ? அந்த நட்டு கழன்றுதான் இருக்க வேண்டும் என்று அவன்

இல்லை, இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவளும் அதையேதான் கேட்டாள்.

"ஃபோன் பண்ணியா? என் சீட்ட புடுங்கிட்டா இன்னா பண்ணுவ? எட்டு வருசம்பா!"

"சீட்டு போனா போவுது. நீ—"

"நானு இன்னா? நான் ஆசப்பட்டு எதுல கால் வெச்சாலும் உனுக்கு அதுல ஒரு நட்டு லூசு."

இரண்டு நாள் பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசி தபா உன்ன நம்பறேன். நாளைக்கு நான் உள்ள போறேன். நீ பாறைங்க பக்கமா போய் அந்தத் தூணப் பாரு. வீடியோல இல்ல, கண்ணால. பாத்துட்டு ஃபோன் பண்ணு. 'ஏறு'ன்னா ஏறுவேன். 'எறங்கு'ன்னா வாயத் தொறக்காம எறங்கி வந்துருவேன். ஆனா இந்த 'இருக்கலாம்', 'தெரில', 'எதுக்கும் பாத்துக்கலாம்'லாம் சொன்ன, அதோட சரி. அப்பறம் உன்ன எதுவும் கேக்க மாட்டேன்."

6

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்கால். கடலோரப் பாறைகளில் கையூன்றி ஏறி, ஜெரால்ட் வேலிக்கு வெளியே நிற்கிறான். இரண்டு கை தூரத்தில் பதினொன்றாம் தூண்.

கோடு நேராக இருக்கிறது.

பழைய வெளிறிய கோடு இல்லை. சுரண்டிவிட்டு, புதிதாக, பளிச்சென்ற மஞ்சளில், நட்டிலிருந்து தகடுவரை ஒரே இழுப்பு.

புதுக்கோடு என்ன சொல்லும்? போட்ட நேரத்திலிருந்து நட்டு அசையவில்லை என்று மட்டும் சொல்லும். அதற்கு முன் யாராவது முறுக்கினார்களா என்பது கோட்டுக்குத் தெரியாது. கையில் ஸ்பேனரோடு வந்தவனும் இதே கோட்டைத்தான் போடுவான். வெறும் பிரஷ்ஷோடு வந்தவனும் இதே கோட்டைத்தான் போடுவான்.

ஒரு வழி உண்டு. ஸ்பேனர் கடித்த நட்டின் மூலைகளில் புதுக்கீறல் மின்னும். ஜெரால்ட் வேலிக்கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு அதைத் தேடுகிறான். ஆனால் காலை வெயில் கடலிலிருந்து நேராக அந்தத் தகட்டின் மேல் விழுகிறது. எல்லா மூலையும் மின்னுகிறது.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவன் 'எறங்கு' என்கிறான். அவள் சொன்ன சொல் தவறாமல் இறங்கி வருகிறாள். சூறை அன்று முழுதும் ஓடுகிறது, அடுத்த நாளும், அடுத்த மாதமும். அவள் 'செங்குத்து' குழுவைக் கலைத்துவிடுகிறாள். வீட்டில் யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்றில் 'ஏறு' என்கிறான். வண்டி பதினொன்றாம் தூணை நெருங்கும்போது

மூன்றாவதில் உண்மையைச் சொல்கிறான்: 'தெரில.' சொல்லாதே என்று அவள் தடுத்த ஒரே பதில்.

இவற்றில் எதைப் போட்டாலும் நேராகத்தான் தெரியும். பதினான்கை அழித்துவிட்டுப் பதினொன்று போட்டவன் நான். என் பிரஷ்ஷை நீங்கள் நம்பக் கூடாது. அதனால் கீழே வைத்துவிட்டேன். நான் பார்த்ததை எல்லாம் நீங்களும் பார்த்துவிட்டீர்கள், நட்டு, கோடு, வெட்டிய ஆறு நொடி, வெயில். என்னிடம் இதற்குமேல் எதுவும் இல்லை.

ஃபோன் அடிக்கிறது.

"அல்லோ, பாத்தியா? உக்காந்துட்டேன்பா, மொத வரிசை. மடிமேல கம்பி எறக்கிட்டாங்க. ஃபோன வாங்கறதுக்கு ஒரு அக்கா டப்பா எடுத்துகினு வருது. சீக்கிரம் சொல்லு. ஏறவா, எறங்கவா?"

ஜெரால்ட் வாயைத் திறந்துவிட்டான். சொல்லை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

"அல்லோ? காத்து சத்தம்தான் வருது. கத்தி சொல்லுப்பா."