கூடத்தில் ஓடிய பஸ்

அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். கூடத்தில் இரண்டு நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போடப்பட்டிருந்தன. பின்னால் இருந்ததில் அவன் மனைவி மடியில் கைப்பையோடு உட்கார்ந்து, முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மேடுபள்ளமான சாலையில் போகிறவள் மாதிரி குலுங்கிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த அறைக்குள் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“என்ன பண்ற?”

“பஸ்ல போறேன், தெரியலையா? கண்டக்டர் தூங்குறாரு. இன்னிக்கு ஓசிப் பயணம்.” வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. அப்பா தலை நரைக்கும்வரை பஸ் கண்டக்டராக இருந்தவர். முட்டி அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து கழிப்பறைக்குப் போவதைத் தவிரக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வலி பாதி, பயம் பாதி. உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண்மணி நேற்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: “இப்படியே படுத்திருந்தா முட்டி இறுகிடும் ஐயா. அப்புறம் மறுபடி ஆஸ்பத்திரிதான், மறுபடி மயக்க ஊசிதான்.” அதற்கும் அவர் அசையவில்லை. மகன் எடுத்துச் சொன்னான், கெஞ்சினான், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விளக்கினான், கடைசியில் கத்தியும் பார்த்தான். கல்லுளிமங்கன் மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த மனிதரைப் போய்க் கேலி செய்கிறாளே என்று அவனுக்குக் கோபம் வந்தது.

அவள் அப்படித்தான். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பாள். குக்கர் விசில் அடித்தால், “வர்றேன், வர்றேன், உயிரை வாங்காதே” என்று பதில் சொல்வாள். அவனோ தணிக்கைத் துறைக்காரன். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும். ஒருநாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அவித்த முட்டை ஒன்று மிளகுக் கண்களும் மிளகு மீசையுமாக அவனைப் பார்த்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்க்குமுன் அவசரமாக விழுங்கி, விக்கி, அரைச் சொம்பு தண்ணீர் குடித்தான். வீட்டுக்கு வந்து அதை ஒரு குற்றச்சாட்டாகவே சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“போதும் நிறுத்து. அவர் மனசு என்ன பாடுபடும்?” என்றான் இப்போது, தணிந்த குரலில்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது.

“யாரும்மா அது டிக்கெட் எடுக்காதது?”

“நான்தான் மாமா. என்ன பண்ணுவீங்க?”

“இங்க வந்து வாங்கிட்டுப் போ.”

“நல்லா இருக்கே கதை! பயணி எழுந்து வந்து டிக்கெட் வாங்குற பஸ்ஸை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? ‘உட்கார்ந்த இடத்துல இருந்து டிக்கெட் குடுத்தவன் இல்ல நான்’னு மார் தட்டுவீங்களே, அது யாரு?”

எவ்வளவு கூட்டத்திலும் முண்டியடித்துப் போய், ஆள் இருக்கும் இடத்திலேயே டிக்கெட் கொடுத்தவர் அப்பா. அதுதான் அவருக்குப் பெருமை. அதில் கை வைத்துவிட்டாளே என்று அவன் பதறினான். ஆனால் அடுத்துக் கேட்டது, அவர் பிடித்து நடக்கவேண்டிய வாக்கரின் கால்கள் தரையில் ஊன்றும் சத்தம்.

பல்லைக் கடித்துக்கொண்டு அறை வாசற்படிவரை வந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. தாங்கிப் பிடிக்க ஓடிய மகனைப் பார்த்து, “வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க!” என்று அதட்டினார். அவன் தன்னையறியாமல் முன்நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அப்பா பின்நாற்காலிவரை ஊன்றி ஊன்றி வந்தார்.

“எங்கம்மா போகணும்?”

“எங்கம்மா வீட்டுக்கு.”

“உனக்கு வேற போக்கிடமே கிடையாதா?” விரலை நாக்கில் தொட்டு, காற்றிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்தாள்.

அவனுக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்கவேண்டும் என்பார்கள். டாக்டர், பயிற்சிக்காரி, அவன் எல்லாரும் இத்தனை நாளாக ஒரு முட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் கண்டக்டரிடம் பேசினாள். எவ்வளவு கெட்டிக்காரி! இந்த வீட்டில் இவளைப் போய் விளையாட்டுப் புத்திக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே என்று நினைத்துக்கொண்டான்.

“சார், டிக்கெட்?”

அப்பா அவன் பக்கத்தில் நின்றார். மூச்சு இரைத்தது, ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. ஒரு டிக்கெட் வாங்கினால் கதை முடிந்துவிடும். அவர் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவார். கட்டில் ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

“எடுக்க முடியாது,” என்றான்.

“என்னது?”

“முடியாதுன்னா முடியாது!”

சொல்லிவிட்டு எழுந்து ஓடினான். வாழ்நாளில் அப்படி ஓடிப் பழக்கமில்லாததால் மேஜை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டு, சமையலறையைக் கடந்து, துணி காயும் பின்வராந்தாவுக்குப் போனான். “விடாதீங்க மாமா, பிடிங்க!” என்று அவள் கூவுவது கேட்டது.

முதல் கொடியில் தொங்கிய ஈரப் போர்வைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூடத்தில் வாக்கர் திரும்பியது. நின்றது. ஒரு பெருமூச்சு. திரும்பவும் ஊன்றியது.

“எங்கிட்டயேவா? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!”

குரல் சமையலறைக்குள் வந்துவிட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் காட்டாமல், இன்னும் ஒரு கொடி தள்ளிப் போய் ஒளிந்துகொண்டான்.