ஆறாம் மாடியில் கிடந்த தாலிக்கொடி

சாய்ந்தமருது ஜவுபர் ஓவசியர் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுக் கையேந்தினால் இலேசில் இறக்கமாட்டார். மௌத்தாகி மண்ணுக்குள் போன வாப்பா உம்மாவில் தொடங்குவார். மனைவி றாஹிலாவின் நெஞ்சுக்கு வருவார். அங்கிருந்து பக்கத்து ஊரான காரைதீவுக்குப் போய்க் கனகசபாபதி விதானையாரின் பெயரைச் சொல்லுவார். கடைசியில் கொழும்பு வரிக் கந்தோரில் வந்து நிற்பார்.

"யா அல்லாஹ், அந்தக் கந்தோர்ல இரிக்கிற ஆக்களுக்கு உடம்புச் சுகத்தையும், என்ட பைலைத் திறந்து பாக்கிற மனசையும் குடு."

இரண்டு வருஷம் இப்படியே போனது. வரிக் கந்தோருக்காகத் துஆக் கேட்ட மனிதர் இந்த நாட்டில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நடந்தது இதுதான். வாய்க்கால் மேற்பார்வை செய்யும் ஓவசியர் வேலையில் அவருக்குக் கிடைக்கவேண்டிய பதவி உயர்வு ஒன்பது வருஷம் பிந்திவிட்டது. ஒன்பது வருஷத்துச் சம்பள நிலுவையும் அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரே மாதத்தில் வந்து விழுந்தது. ஒரு மாதத்தில் இவ்வளவு சம்பாதிக்கிறவர் பெரிய பணக்காரர் போல என்று கணக்கு நினைத்துக்கொண்டதோ என்னவோ, நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைய வரியாக வெட்டுப்பட்டது. வருஷம் வருஷமாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. விண்ணப்பம் போட்டால் திருப்பித் தருவார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். மூன்று மாதம் ஆகும் என்றும் சொன்னார்கள். ஓவசியர் நம்பினார்.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் றாஹிலாவுக்கு நெஞ்சில் வால்வு பழுது என்று தெரியவந்தது. ஒப்பரேசனைத் தள்ளிப்போட ஏலாது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கைக்கு வந்த நிலுவைக் காசோ மகள் அம்ஹாவுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் கரைந்து போயிருந்தது. ஒப்பரேசனுக்கு மூன்று லட்சம் போதாமல் இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் கிழமை பார்த்துத் தலைக்குமேல் சிலவு. ஓவசியர் வெட்கத்தை விட்டுக் காரைதீவுக்குப் போனார். மறுநாளே கனகசபாபதி மோட்டார் சைக்கிளில் வந்து, பேப்பரில் சுற்றிய காசை றாஹிலாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

"வரிக் காசு வந்ததும் தந்திருவன், விதானையார்," என்றார் ஜவுபர் வாசல்வரை ஓடி.

"நான் கேட்டனா?" என்றார் அவர்.

இந்த இருவரும் அப்படியொன்றும் கொஞ்சிக் குலாவிய சினேகிதர்கள் அல்ல. மாவடிப்பள்ளி வயல் கண்டத்து விவசாயிகளுக்காகத் தண்ணீர் கேட்டு வருகிற வட்டவிதானை அவர். மதகைத் திறக்கவேண்டிய ஓவசியர் இவர். இருபது வருஷம் சண்டை. "தண்ணி எப்ப ஓவசியர்?" என்று அவர் கேட்பார். "கடிதம் மேல போயிரிக்கி," என்று இவர் சொல்லுவார். ஒரு வருஷம் கடல் ஏறி வாய்க்காலில் உப்புத் தண்ணீர் கலந்துவிட்டது. பயிர் வாடுகிறது, எந்தத் தண்ணியானாலும் திறந்துவிடு என்று ஊரே நின்று ஏசியபோதும் ஜவுபர் மதகுச் சாவியை மடியில் முடிந்துகொண்டு அசையாமல் இருந்தார். நல்ல தண்ணீர் வர நாலு நாள் பிந்தியது. அந்த நாலு நாளும் கனகசபாபதி ஏசிய ஏச்சை எழுதினால் இந்தக் கதையை வீட்டில் வைத்து வாசிக்க ஏலாது.

இப்போது முறை மாறிவிட்டது. மூன்று மாதம் ஆறானது, ஆறு பன்னிரண்டானது. கொழும்புக்குப் போனில் கோல் எடுத்தால் மறுமுனையில் ஒரே பதில்தான்: "பைல் மேல போயிருக்கு ஐயா." இதைக் கேள்விப்பட்ட அன்று கனகசபாபதி சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"இப்ப விளங்குதா ஓவசியர், எங்கட வயல் எப்பிடி வெடிச்சதெண்டு?"

ஜவுபருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிரவு சோறு இறங்கவில்லை. எத்தனை பேரை இப்படிக் காக்க வைத்திருப்போம் என்ற நினைப்பு உண்மையாகவே நெஞ்சை அறுத்தது. பாயிஸின் தேத்தண்ணிக் கடையிலோ அவர் கதை ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது கடன் சொன்னால், "எப்ப தருவாய், ஓவசியர்ட வரிக் காசு வந்தாலா?" என்று கேட்பான் பாயிஸ். ஓவசியருடைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் இறுகிப் போய்க் கிடந்தது. கடனைக் கொடுத்து மிஞ்சுகிற எண்பத்தையாயிரத்தில் புது எஞ்சின் போடுவது என்று திட்டம். அதுவரைக்கும் மிதிக்கிற புஷ்பைக்.

கனகசபாபதி மட்டும் ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லை. அறுவடைக்கு அறுவடை ஒரு மூடை அரிசியோடு வருவார், குந்துவார், பிளேன்டீ குடிப்பார், பழைய சண்டைகளைக் கதைப்பார். ஜவுபர்தான் கேளாமலே பைலை எடுத்துவந்து விரிப்பார். "அடுத்த மாசம் நிச்சயம் வரும்." விதானையார் அதைத் தட்டிவிட்டு, "நான் கேட்டனா?" என்பார்.

போன ஐப்பசியில் கனகசபாபதியும் மனைவி செல்லத்தங்கமும் சேர்ந்து வந்தார்கள். மகள் மேனுஜாவுக்குத் தை மாதம் கலியாணம். நீங்கள் குடும்பமாக வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, மத்தியானம் மீன் சோறும் தின்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் படலையைத் தாண்டியதும் றாஹிலா வந்து கதிரையில் பொத்தென்று இருந்தாள்.

"இஞ்ச பாருங்க. அக்காட கழுத்துல கொடி இல்ல. மஞ்சக் கயிறுதான் கிடக்கு."

"கழட்டி வெச்சிருப்பா."

"பொம்புளைகள் தாலிக்கொடியக் கழட்டி வெக்கிறயா? குசினிக்குள்ள வெச்சுக் கேட்டன். முதல்ல சிரிச்சு மழுப்பினா. நான் விடல்ல." றாஹிலா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நமக்குத் தந்த காசு அந்தக் கொடிய பேங்குல அடகு வெச்ச காசாம். ரெண்டு வருசமா மனிசன் பத்தாம் திகதிக்கு முந்திப் போய் வட்டி கட்டிட்டு வாறாராம். ஏன் அக்கா இப்பிடிச் செஞ்சீங்க எண்டு கேட்டா என்ன சொன்னா தெரியுமா? 'கழுத்துல கிடந்தது கொஞ்ச நாள் உன்ட நெஞ்சுக்குள்ள கிடக்கட்டுமே பிள்ள' எண்டு சொன்னா."

ஜவுபர் எழுந்து முற்றத்துக்குப் போனார். திரும்பி வந்தார். மார்க்கம் விலக்கிய வட்டியின் வாசம் படக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் ஒதுங்கி நடந்த மனிதர் அவர். அவருக்காக இன்னொருவர் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டு, அவர் வீட்டுக்கு வந்து பிளேன்டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார். மகளின் மணவறையில் ஒரு தாய் மஞ்சள் கயிற்றோடு நிற்கப்போகிறாள். தைக்கு இன்னும் மூன்று மாதம் இல்லை.

"இவ்வளவு நாளும் கோல் எடுத்தது காணும். இனி நானே போறன்," என்றார்.

கொழும்பு வரிக் கந்தோரில் அவரை மாடி மாடியாக அனுப்பினார்கள். ஆறாம் மாடியில் ஜன்னலோரம் இருந்த ஒரு சிங்களப் பிள்ளை, வெள்ளைச் சாரி, அம்ஹாவின் வயதுதான் இருக்கும், கொச்சைத் தமிழில் "இருங்க ஐயா" என்றாள். கொழும்பில் அவரை முதலில் இருக்கச் சொன்னது அவள்தான். கணினியில் தேடினாள், எழுந்துபோய் அலுமாரிகளில் தேடினாள், அரை மணித்தியாலம் கழித்துத் தூசி தட்டிக்கொண்டு பைலோடு வந்தாள். நிலுவைச் சம்பளம் எந்தெந்த வருஷத்துக்குரியது என்று ஒரு கடிதம் குறைவாம். அதைக் கேட்டு எழுதியது அவருடைய பழைய வேலைத்தலத்துக்குப் போயிருக்கிறது. ஓய்வு பெற்றவரின் கடிதத்தை அங்கே யார் உடைத்துப் பார்ப்பார்கள்?

ஜவுபர் தன் பைலை விரித்தார். முப்பத்தைந்து வருஷம் ஓவசியர் வேலை பார்த்தவர் ஒரு துண்டுக் கடதாசியையும் வீசியதில்லை. அந்தக் கடிதம் முத்திரையோடு மூன்று பிரதி இருந்தது.

"ஐயா, இது முதலே தந்திருக்கலாம்."

"முதல்ல ஆரும் கேக்கல்ல மகள்."

அவள் சிரித்தாள். "அடுத்த வருசம் நடுவுக்குள்ள முடியும்" என்றாள். ஜவுபர் எழும்பவில்லை. பொய் சொல்லவோ கெஞ்சவோ அவருக்குத் தெரியாது. தெரிந்த சிங்களத்தையும் தமிழையும் கலந்து உள்ளதைச் சொன்னார்: இந்தப் பைலுக்குள் ஒரு பெண்ணின் தாலிக்கொடி கிடக்கிறது, அவளுடைய மகளுக்குத் தையில் கலியாணம்.

அந்தப் பிள்ளை பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு மேசையாகத் தானே நடந்தாள். கையெழுத்துப் போடுகிறவர் இல்லாத இடத்தில் அவர் வரும்வரை நின்றாள். பகல் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பி வந்து, "முடிஞ்சுது ஐயா. பேங்குக்கு வரும்," என்றாள். பிறகு ஏதோ நல்ல செய்தி சொல்லுகிற முகத்தோடு, "பிந்தினதுக்கு வட்டியும் வரும்," என்றாள்.

"வட்டி வாணா மகள். அதை வெட்டிவிடுங்க."

"வெட்டுறதுக்கு விண்ணப்பப் போம் இல்ல ஐயா."

காசு பத்தொன்பதாம் நாள் வந்தது. போனில் அந்தச் செய்தியை வாசித்த இடத்திலேயே, பாயிஸின் கடை வாசலில், சாரத்தை ஒதுக்கிக்கொண்டு ஜவுபர் நெற்றி நிலத்தில் படச் சுஜூதில் விழுந்தார். கடையில் இருந்தவர்கள் மனிதர் மயங்கிவிட்டார் என்று தண்ணீர் தெளிக்க ஓடிவந்தார்கள். அவர் எழும்பியபோது நெற்றியில் மண்ணும் கண்ணில் தண்ணீருமாக இருந்தார்.

வட்டியாக வந்ததை அவர் அன்றைக்கே தனியாக எடுத்தார். மறுமை நன்மையை நாடாமல் பொதுக் காரியத்துக்குக் கொடுத்துத் தொலைக்கவேண்டிய காசு அது. மீன் சந்தைக்குப் பின்னாலிருந்த பொதுக் கக்கூசுக்கு நல்ல தகரக் கதவு இரண்டும் தண்ணீர்க் குழாயும் ஆயின. திரும்பி வந்த வரிக் காசை எண்ணி இரண்டு கடித உறைகளில் போட்டார். எஞ்சின் என்ற பேச்சு அவர் வாயில் வரவில்லை. றாஹிலாவும் கேட்கவில்லை. இருவரும் பஸ்ஸில் காரைதீவுக்குப் போனார்கள்.

கனகசபாபதி முதல் உறையை வாங்கி எண்ணாமலே செல்லத்தங்கத்திடம் கொடுத்தார். இரண்டாவதைக் கண்டதும் நெற்றியைச் சுருக்கினார்.

"இதென்ன?"

"எங்களுக்காக நீங்க பேங்குக்குக் கட்டினது."

விதானையார் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். செல்லத்தங்கம் கூரையைப் பார்த்தாள். அவர் ஓவசியரிடம் திரும்பினார். "உங்களிட்ட வட்டி வாங்கவா நான் காசு தந்தனான்? எடுங்க அதை. எனக்கு விசர் கிளப்பாதீங்க."

"நான் வட்டி தரல்ல. எனக்காக உங்கட கையால போன காசு அது. அதைத்தான் தாறன்."

"சரி, கந்தோர்க்காரன் வட்டி தந்தானெண்டு பாயிஸ் சொன்னானே, அது எங்க?"

"அது சந்தையில கக்கூசுக் கதவாப் போயிட்டு. இது என்ட வேர்வைச் சம்பளம்."

கனகசபாபதிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "என்ன மனிசன் நீங்க? அந்தக் காசை எனக்குத் தந்திருந்தா உங்கட எஞ்சின் மிஞ்சியிருக்குமே. எனக்குத்தான் அந்தத் தடை ஒண்டும் இல்லையே."

ஜவுபர் றாஹிலாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ட வாய்க்கு ஆகாதெண்டு நான் தள்ளி வெச்ச காசை உங்கட வீட்டுக்குக் கொண்டு வருவனா, விதானையார்? இந்தா நிக்கிற மனிசி உசிரோட நிக்கிறது உங்களாலயும் அக்காவாலயும்தான். உங்களுக்குத் தாறது நல்லதா இரிக்கணும்."

றாஹிலா அழுதாள். செல்லத்தங்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கனகசபாபதி உறையைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இருபது வருசம் இந்த ஆளோட சண்டை பிடிச்சிருக்கன். தண்ணி ஒருக்காவாவது நேரத்துக்கு வந்ததில்ல," என்றார். "ஆனா உப்புத் தண்ணி ஒருநாளும் விடல்ல."

உறையைச் சட்டைப் பையில் வைத்தார்.

மேனுஜாவின் கலியாண நாளன்று சுபஹு துஆவில் ஜவுபர் ஒரு புது ஆளைச் சேர்த்தார். "ஆறாம் மாடியில ஜன்னலுக்குப் பக்கத்துல இரிக்கிற மகள், யா அல்லாஹ். பேர் கேக்க மறந்துட்டன். உனக்குத் தெரியும். அவட பிள்ளை குட்டிகளை நல்லா வெச்சுக்க."

காலையில் மணவறைக்கு எதிரே மூன்றாவது வரிசையில் ஓவசியரும் றாஹிலாவும் பாயிஸும் இருந்தார்கள். மேளம் கொட்டுகிற அமளிக்குள் செல்லத்தங்கம் கூட்டத்தில் யாரையோ தேடினாள். றாஹிலாவைக் கண்டதும், ஒருவரும் பார்க்காத மாதிரிச் சாரிக்குள் விரலை விட்டு, தாலிக்கொடியை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு மீண்டும் உள்ளே போட்டாள்.

றாஹிலா கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பக்கத்திலிருந்த ஜவுபருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியைத் தேடினார், கிடைக்கவில்லை.

பாயிஸ் தன்னுடையதை எடுத்து நீட்டினான். "வரிக் காசு வந்திட்டுப் போல," என்றான்.

"ஓம் மகன், அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஓவசியர். "இப்பதான் வந்திச்சி."