பலகை ஓட்டையில் ஒரு பிரிண்டர்

அப்பா போன பிறகு கடையை நடுவில் ஒட்டுப்பலகை அடித்துப் பிரித்தோம். பைப் வியாபாரம் அண்ணனுக்கு, பெயின்ட் எனக்கு. பில் போடும் பிரிண்டரை எப்படிப் பிரிப்பது? புதிது வாங்குகிறவர் அப்பாவின் பிரிண்டரை விட்டுக்கொடுத்ததாகிவிடுமே! வீம்பில் நாங்கள் இரண்டு பேரும் அச்சு அசல் ஒன்று. கடைசியில் பலகையில் ஓட்டை போட்டு, அதில் அதை உட்காரவைத்தோம். பேச்சும் அன்றோடு நின்றது.

அந்தக் கிழட்டு பிரிண்டரின் ஒயர் அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் சேரும். என் பில் நெட்வொர்க்கில் அங்கே போய்த்தான் அச்சாக வேண்டும். "அவர் மிஷின் ஆன்ல இருந்தாத்தான் உங்களுக்கு பில் வரும்க்கா" என்றார் மெக்கானிக். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை, அண்ணன் பக்கம் விடுமுறையாக இருந்தாலும் பில் வரும். மிஷினை அணைக்காமலே போகிற ஊதாரி என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை பில் வரவில்லை. அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். வாடிக்கையாளர் டப்பாவும் கையுமாக நின்றார். விடுவேனா? அமுக்கிக்கொண்டே இருந்தேன். அண்ணன் வேண்டுமென்றே அணைத்திருக்கிறார்! கையால் பில் எழுதிக் கொடுத்து வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"புது பிரிண்டர் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. இனிமே அந்த ஆளோட தயவே வேணாம்."

பெட்டியோடு வந்தவர் ஓட்டை வழியே எட்டிப் பார்த்தார். "அண்ணன் இன்னும் வரலையா?"

"லீவு நாள்ல அவர் எதுக்கு வர்றாரு?"

"உங்களுக்கு பில் வரணும்னுதான். ராத்திரி மெயின் சுவிட்சையே அணைச்சிட்டுப் போறவரு அவரு. லீவுன்னாலும் நீங்க வர்றதுக்கு முன்னாடியே பின்பக்கமா வந்து மிஷினைப் போட்டுட்டுப் போவாரே. தெரியாதா உங்களுக்கு?"

ஒரு நாளும் தவறாத மனுஷன் இன்று எங்கே? நெடுநாளைக்குப் பிறகு அண்ணிக்குப் போன் செய்தேன்.

"கடைக்குன்னு அப்பவே வண்டியில கிளம்பிட்டாரே! போனையும் வீட்லயே விட்டுட்டுப் போயிருக்காரு. இன்னும் வந்து சேரலையா?" அண்ணி பதறினார்.

தேடிப் போக ஷட்டரை இழுத்தேன். போன் காதிலேயே இருந்தது. கடவுளே, அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

அப்போது பிரிண்டர் கரகரத்தது. ஒரு பில் வந்தது. அதே பில் மறுபடியும் வந்தது. என் மிஷினில் தேங்கிக் கிடந்ததெல்லாம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

"அறிவிருக்கா உனக்கு?" பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் கத்தினார். "ஒரே பில்லை எத்தனை தடவைடி அமுக்குவ? சின்ன வயசுல காலிங் பெல்லயும் இப்படித்தான்!"

"எங்கண்ணா போயிட்ட?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"டயர் பஞ்சர். தள்ளிக்கிட்டே வந்தேன்." உடனே, "கஸ்டமர் போயிட்டாரா?" என்றார்.

மெக்கானிக் பெட்டியைக் காட்டி, பிரிக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அண்ணி இன்னும் லைனில் இருந்தார்.

"முதல்ல அண்ணிகிட்ட பேசு. பயந்து போயிருக்காங்க."

பிரிண்டருக்குப் பக்கத்து இடுக்கில் போனை நீட்டினேன். அழுக்கும் வியர்வையுமாக அண்ணனின் கை வந்தது. போனோடு சேர்த்து என் விரல்களையும் பிடித்துக்கொண்டது.