நனைக்காத சிவப்பு

தையல்காரர் மேஜைக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் தரையில் கவிழ்த்தபோதே மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது, யாரோ முன்னால் வந்து கை வைத்துவிட்டார்கள் என்று. பள்ளிச் சீருடையில் மிஞ்சிய சாம்பல் துண்டுகள், காலருக்கு வெட்டியது போக நின்ற வெள்ளை, ஏதோ அலுவலகத்துக்கு மொத்தமாகத் தைத்த மங்கல் நீலம். அவ்வளவுதான். பூப்போட்டது ஒன்றில்லை, மஞ்சள் ஒன்றில்லை. வாரக் கடைசியில் ஆஸ்பத்திரி மருந்து கவுன்டரில் வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து, வெட்டிப்போட்ட துணிகளைப் பொறுக்கிக்கொண்டு போவது அவள் வழக்கம். அவற்றைச் சேர்த்துப் போர்வை தைப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. இந்தப் பையை அவளைத் தவிர வேறு யாருக்கும் அவர் திறந்து காட்டியதில்லை. அதாவது, இன்றுவரை.

“மாடி வீட்டம்மா காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாங்களே” என்றார் அவர், ஊசியில் நூல் கோத்தபடி. “உங்க வீட்டுக்குத்தானே போகுதுன்னு குடுத்துட்டேன். எல்லாம் ஒரே வீடுதானே?”

ஒரே வீடுதான். கீழே அவளும் கணவரும் மகளும். மேலே கணவரின் தம்பியும் அவன் மனைவியும். அந்த இளையவள்தான் காலையிலேயே வந்துவிட்டுப் போனவள்.

சாம்பலையும் நீலத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கும்போது தையல்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். “ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்தச் சிவப்பையும் எடுத்துட்டுப் போயிருக்காங்க. பள்ளிக்கூட நாடகத்துல ராஜா அங்கிக்கு வந்த துணி அது. சாயம் நிக்காது. நல்லா ஊறவச்சு அலசிட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க.”

“சொல்லிடறேன்” என்றாள் மூத்தவள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு மாடிப்படியில் பாதிவரை ஏறவும் செய்தாள். மேலே மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று தெரியவில்லை. “சித்தி, இது பக்கத்துல அதை வைங்க. ஐயோ, எப்படி இருக்கு பாருங்க” என்றாள் மகள். மூத்தவள் கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தவள் போலச் சரசரவென்று இறங்கிவிட்டாள்.

இதில் அவளே தனக்கு வைத்துக்கொண்ட வினை ஒன்று உண்டு. இளையவள் டிராவல்ஸ் ஆபீஸில் போன் எடுக்கும் வேலையில் இருந்தவள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தாள். பாவம், பொழுது போகட்டும் என்று ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் துண்டுத் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது மூத்தவள்தான். கொடுத்தவையும் தான் வேண்டாம் என்று ஒதுக்கியவை. அந்த ஒதுக்கல்களை வைத்து இளையவள் ஒரு தலையணை உறை தைத்தாள். தையல் கோணல், மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, பின்பக்கம் நூல் தொங்கியது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தத் தலையணையைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். கீழ்வீட்டில் மூத்தவளின் போர்வைகள் மேல் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனவர்கள், மேலே போய் அந்தத் தலையணையைப் பற்றிப் பேசினார்கள்.

மூத்தவளின் முறை வேறு. எந்தத் துணி வந்தாலும் முதலில் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியைத் தொடுவாள். அட்டையில் அளவு வெட்டி வைத்திருந்தாள். நிறவாரியாக டப்பாக்கள். வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை ஒவ்வொரு டப்பாவிலும் வரிசை. தைப்பதற்கு முன் சதுரங்களைத் தரையில் பரப்பி, முக்காலி மேல் ஏறி நின்று, கணவரின் தடிமனான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பாள். அவர் கண்ணாடி அவள் கண்ணுக்கு ஒத்துவராது, எல்லாம் மங்கும். மங்கினால்தான் எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தெரியும். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்து, முக்காலிமேல் நிற்பவளை அண்ணாந்து பார்த்து, “இன்ஸ்பெக்டரம்மா, விசாரணை முடிஞ்சா சொல்லுங்க, பேப்பர் படிக்கணும்” என்பார்.

இளையவளுக்கு அட்டையும் கிடையாது, டப்பாவும் கிடையாது. கட்டில்மேல் துணிகளை இறைத்துவிட்டு, வேறு வேலை பார்ப்பாள். போகும்போதும் வரும்போதும் காலால் ஒரு துண்டை நகர்த்துவாள். அவ்வளவுதான் அவள் திட்டம். நூலைப் பல்லால் கடிப்பாள். அவளிடம் முறை என்று ஒன்றிருந்திருந்தால் மூத்தவள் அதைக் கற்றுக்கொண்டிருப்பாள். அதற்கு வெட்கப்படுகிறவள் இல்லை. கற்றுக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. குளிரான ஊர். ஞாயிற்றுக்கிழமை கிளம்பவேண்டும். செய்தி வந்த அன்றே மூத்தவள் அவளுக்கென்று போர்வை தொடங்கிவிட்டாள். சாம்பலும் நீலமும், நடுநடுவே வெள்ளை. அடிப்பக்கத்துக்குப் புது வெள்ளைத் துணி ஒன்று வாங்கி, அலசி, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். தரையில் பரப்பியிருந்ததை மகள் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “நேர்த்தியாத்தான் இருக்கும்மா. ஆனா நம்ம ஆஸ்பத்திரித் தரை மாதிரி இருக்கு” என்று சொல்லிச் சிரித்தாள். மூத்தவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு எல்லாச் சதுரங்களையும் அடுக்கி டப்பாவில் போட்டு மூடினாள். பேச்சுவாக்கில்தான் பிறகு தெரிந்தது, மகள் போர்வைக்கு ஏற்கெனவே சித்தியிடம் சொல்லிவைத்திருக்கிறாள் என்று.

ஊருக்குப் போகும் மகள் என்னத்தைப் போர்த்திக்கொண்டு தூங்குவாள் என்பது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. மூத்தவள் தனக்குத்தானே இதைப் பலமுறை சொல்லிக்கொண்டாள். மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுத்தபடியே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தெரியாத ஊரில், தெரியாத அறையில், கண்ணை மூடுமுன் மகள் கையில் படுகிற துணி யார் கை தொட்டதாக இருக்கும் என்ற நினைப்பு வந்ததும் எண்ணிக்கை தவறிவிடும்.

வியாழக்கிழமை மாலை இளையவள் போர்வையைச் சுருட்டி மார்போடு அணைத்தபடி, இன்னும் லேசாகத் தாங்கும் காலோடு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

“அக்கா, ஓரப்பட்டி மட்டும் நீங்க அடிச்சுக் குடுங்க. என் கைக்கு நேர்கோடு வராதுன்னு உங்களுக்குத் தெரியுமே.”

விரித்தார்கள். மூத்தவள் முக்காலி மேல் ஏறவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. பழந்திரைச்சீலையின் பழுப்பு, எவர் சட்டையிலோ கழித்த ஆரஞ்சுக் கோடுகள், மூத்தவள் தானே ஒதுக்கிய அந்தக் களிமண் பச்சை. ஒன்றோடொன்று சேரவே கூடாதவை எல்லாம் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றன. நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, யாரும் வைக்கத் துணியாத இடத்தில், அந்தச் சிவப்பு. அந்த ஒரு துண்டு இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் கந்தல். வாசல் விளக்கைப் போட்டால் தெரு முழுவதற்கும் ஓர் உருவம் வருமே, அப்படி அந்தத் துண்டு எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது.

இளையவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன நேரத்தில் மூத்தவள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்தச் சிவப்பில் தேய்த்தாள். துணி மொடமொடவென்று இருந்தது, கஞ்சிகூடப் போகவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தாள். கைநாட்டு வைக்கலாம் போலிருந்தது.

இளையவள் வாயைத் துடைத்தபடி வந்து கேட்டாள். “எதாவது தப்பா இருந்தா சொல்லிடுங்கக்கா. பிரிச்சுத் தச்சுக்கலாம்.”

“ரெண்டு இடத்துல மூலை சேரலை” என்றாள் மூத்தவள், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு.

“அது கெடக்குது. உங்க பட்டியைப் பார்த்தா மூலையை யாரு பார்க்கப்போறா?”

பட்டியை அடித்துக் கொடுத்தாள். இதுவரை அடித்த எந்தப் பட்டியையும்விட நேராக அடித்தாள். தையல் மிஷின் ஓடும்போது மனம் வேறெங்கோ ஓடியது. எப்படியும் ஒருநாள் துவைப்பார்கள். அந்தக் குளிர் ஊரில், மகள் கையாலேயே. தண்ணீரில் முக்கியதும் பழுப்பெல்லாம் திட்டுத்திட்டாகும், மஞ்சள் எல்லாம் புண்போல ஆகும். மகள் போன் செய்து, சித்தி துணியை அலசாமல் தைத்திருக்கிறார் போல என்பாள். அப்போது மூத்தவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அவளுடைய டப்பாக்கள் சொல்லும். இந்தக் காட்சி அவளுக்குப் பிடித்திருந்தது. ஊசியைத் தூக்கிவிட்டு, அடுத்த மூலைக்குத் துணியைத் திருப்பினாள்.

அந்த ஒருநாள் அவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை மதியம் பெட்டி அடுக்கும்போது மகள் போர்வையை உதறிப் பார்த்தாள். தையல்காரரின் சாக்குக்கட்டிக் கோடுகள், மாடிக்கு வந்துபோகும் பூனையின் முடி. “அம்மா, ஒருதடவை துவைச்சுக் குடேன். நீ செஞ்சா பதமா இருக்கும்.”

“செஞ்சவ துவைக்கட்டும்” என்றாள் மூத்தவள்.

மகள் ஒருகணம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள். போனவள் திரும்பி வந்து, ஏதோ வாங்கவேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். மூத்தவள் தையல் மிஷின் முன் உட்கார்ந்து எதையோ தேடுவதுபோல இழுப்பறையைக் குடைந்தாள். மேலே துவைக்கும் மிஷினின் மூடி சாத்தப்பட்டது. சமையலறைச் சுவரோரமாக மேலேறும் குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம். இன்று அது நிற்கவே இல்லை. மாடி மிஷின் வெந்நீரில் ஓடுவது. இளையவளுக்கு எல்லாத் துணிக்கும் ஒரே பொத்தான்தான்.

“தண்ணி டாங்க்கு காலியாயிடும்போல இருக்கே” என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அவள் எழுந்ததை அவர் பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்து, இஸ்திரி மடிப்புக் கலையாத அந்தப் புது வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

“நிறுத்து” என்றாள் வாசலிலிருந்தே.

இளையவள் பயந்துபோய்ப் பொத்தானை அழுத்தினாள். மூத்தவள் மூடியைத் திறந்து போர்வையை இழுத்தாள். பாதி நனைந்து கனத்தது. அடியில் தேங்கிய தண்ணீர் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தது. அதை அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். இளையவள் காலைத் தாங்கித் தாங்கிப் பின்னால் வந்தாள். அங்கிருந்த பெரிய தொட்டியில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, போர்வையை மடிப்பு விழாமல் அமிழ்த்தி, சிவப்பின்மேல் படும்படி வெள்ளைத் துணியைப் பிரித்துப் போட்டாள்.

“ஐயோ, புதுத் துணிக்கா. அது எதுக்கு?”

“சாயத்தைக் குடிக்கட்டும். மத்ததுமேல ஏறாம. நீ ஆட்டிக்கிட்டே இரு, நிக்க விடாதே.”

இரண்டு பேரும் தொட்டியின் இரண்டு பக்கமும் முழங்காலிட்டு அலசினார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இளையவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“சாயம் போகும்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தையல்காரர் சொன்னார்.”

“எப்போ?”

மூத்தவள் வெள்ளைத் துணியைப் புரட்டிப் போட்டாள். “அந்தப் பக்கத்தைத் தூக்கு. மடங்குது பார்.”

இளையவள் தூக்கினாள். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மூத்தவளுக்குப் பட்டது. தண்ணீர் சலசலத்துக்கொண்டே இருந்தது. பக்கத்து மாடியில் யாரோ ஒரு பாயைத் தட்டினார்கள்.

தண்ணீர் தெளிந்த பிறகு போர்வையை இரண்டு பேருமாகப் பிழியாமல் தூக்கிக் கொடியில் விரித்தார்கள். தப்பித்துவிட்டது. சிவப்புக்கு ஒட்டியிருந்த ஒரு பழுப்புத் துண்டு மட்டும் கன்னம் போல லேசாகச் சிவந்திருந்தது. தெரியாதவர்கள் அது வேண்டுமென்றே வைத்த நிறம் என்பார்கள். இளையவளுக்கு எது போனாலும் ஏதாவது அதிர்ஷ்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று மூத்தவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே தொட்டிக்குத் திரும்பி, அடியில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து உதறினாள்.

அது வெள்ளையாக இல்லை. ஓரிடத்தில் நகத்தின் அடிநிறம், ஓரிடத்தில் மழைக்கு முந்தின மாலை, மடிப்பு விழுந்த இடங்களில் கிளைகிளையாக ஓடும் வெளிர்கோடுகள். எந்தக் கடையிலும் அவள் இப்படியொன்றைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் வாங்கியிருக்கமாட்டாள்; எந்த டப்பாவிலும் அடங்காது. இதை அடிப்பக்கமாக வைத்து, மேலே சாம்பலும் நீலமும் வைத்தால், போர்த்துகிறவள் புரளும்போதெல்லாம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். டப்பாவில் அடுக்கி மூடிய சதுரங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் தரையில் வந்து படுத்தன.

கொடியில் போட இன்னொரு முனையை இளையவள் பிடித்துக்கொண்டாள். தன் போர்வையை அவள் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. தலையணை உறையைக் கையில் எடுத்தவர்கள் முகத்தில் எல்லாம் மூத்தவள் பார்த்த அதே பார்வை. அதற்கு அடியில், வேறு யாருக்கும் அடையாளம் தெரியாத, அவளுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த இன்னொன்று.

“இதை எனக்குக் குடுத்துடுங்களேன்க்கா” என்றாள் இளையவள். “நான் வேணா உங்களுக்குப் புது வெள்ளை வாங்கித் தர்றேன்.”

“இல்லம்மா” என்றாள் மூத்தவள். “இது எனக்கு வேணும்.”

கீழே வாசல் கதவு திறந்தது. அம்மா என்று ஒருதரமும், சித்தி என்று ஒருதரமும் மகள் கூப்பிட்டாள். துணி இரண்டு பேருக்கும் நடுவில் காற்றில் புடைத்து எழுந்தது. இளையவளின் பிடியிலிருந்த மூலையிலிருந்து ஒரு சிவந்த சொட்டு அவள் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைவரை மெதுவாக இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க வேண்டுமென்றால் ஒரு கையை விடவேண்டும்.