இரண்டு றூட்டுக்குப் பூச்சியம்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை, கல்முனையில் நான் வேலை செய்யும் மென்பொருள் அலுவலகத்தில், ஒரு பெண்ணின் தலையில் பழியைப் போட்டார்கள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அன்று கடற்காற்று வழமையைவிட…”

கடற்காற்றுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. மறுபடியும்: “வயலுக்கும் கணினி மொழிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள்…” இது என் புத்திசாலித்தனத்தைக் காட்டும் வரி. வேண்டாம். நடந்ததை எழுதுகிறேன்.

2.

பாண்டிருப்பு அன்னப்பிள்ளைக்கு அரை ஏக்கர் வயல், தாய் கொடுத்த சீதனம். எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான் பிரியும். நான்கு பெண்கள் இருந்தால் இரண்டு ஏக்கர் நான்கு அரைகளாகிவிடும். உறுதியில் அரை ஏக்கரை இரண்டு றூட் என்று எழுதுவார்கள். நான்கு றூட் ஒரு ஏக்கர்.

இந்தச் சிறுபோக வேளாண்மைக்கு, விவசாயிகள் சங்கம் எங்கள் கணினி நிரல் அச்சடித்த பட்டியலின்படி வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டது. ஒரு தண்ணீர் முறைக்கு, ஏக்கர் ஒன்றுக்கு நான்கு மணித்தியாலம். அன்னப்பிள்ளையின் பெயருக்கு நேரே 0.

அவர் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து எங்கள் முதலாளி றிஸ்கானின் மேசையில் வைத்தார்.

“தம்பி, என்ட பேர் இரிக்கி, காணி இரிக்கி, தண்ணிய மட்டும் காணல்ல. ரெண்டு முறை போயிற்று. வயல் வெடிச்சுக் கிடக்கு.”

“கம்பியூட்டர் பிழை, அம்மா. பாப்பம்.”

“கம்பியூட்டருக்கென்ன, அது சோறா திங்குது?”

அவர் போனதும் றிஸ்கான் சிபானாவைக் கூப்பிட்டான். நிரலை எழுதியவள் அவள்.

“என்ட கவனக்குறைவுதான் எண்டு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைங்க. சனிக்கிழமை சங்கத்துல குடுக்கோணும்.”

“வெச்சா என்ட வேலை?”

“அதப் பொறகு பாப்பம்.”

“என்ட லெப்டொப்புல ரெண்டு மணித்தியாலம் எண்டு சரியா வருது, சேர். வந்து பாருங்க.”

“உங்கட லெப்டொப்பாலயா வயலுக்குத் தண்ணி பாயுது?”

[எல்லோரும் சிரித்தார்கள். நானும். இந்த வரியை இரண்டு தடவை நீக்கினேன். இரண்டு தடவையும் திரும்ப எழுதினேன்.]

3.

சிபானா எழுதியது பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பில். சங்கத்தின் கணினியில் இருந்தது இரண்டாம் பதிப்பு. அவர்களுடைய பழைய நிரல்கள் அதில்தான் ஓடுகின்றன. அதை அகற்ற முடியாது. அதனால் அவள் மூன்றாம் பதிப்பையும் அதன் பக்கத்திலேயே நிறுவினாள். எந்த நிரலுக்கு எந்தப் பதிப்பு என்பதை, அந்தந்தக் கோப்புறைக்குள் இருக்கும் ஒரு சின்னக் கோப்பு சொல்லும். அதில் ஒரு எண் மட்டுமே இருக்கும். சாதாரணமாகத் திறந்து பார்த்தால் அந்தக் கோப்பு கண்ணுக்குத் தெரியாது.

அது இல்லையென்றால் கணினி இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்ளும். அந்தப் பதிப்பு முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தை எறிந்துவிடும். றூட்டை நான்கால் வகுத்து ஏக்கராக்கும்போது, ஆறு றூட் ஒரு ஏக்கராகும். இரண்டு றூட் பூச்சியமாகும். பிழை என்று ஒரு சத்தமும் போடாது. முழு ஏக்கர்காரருக்கு ஒன்றும் குறையாது. அதனால் அவர்களும் சத்தம் போடவில்லை. பூச்சியம் விழுந்த முப்பத்தொரு பெயரில் இருபத்தெட்டு பெண்களுடையவை.

சங்கத்தின் கணினியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சிபானா கேட்டாள். “ஓடுதுதானே, போதும்” என்றான் றிஸ்கான்.

இணைய இணைப்பு இழுபட்டதால் நிரலைப் பென்டிரைவில் கொண்டு போனார்கள். [போனார்கள் இல்லை.] கொண்டு போனவன் நான், சாலிஹ். “காக்கா, மறைஞ்ச பைல் ஒண்டு இரிக்கி, அதையும் பாத்து எடுங்க” என்று, அண்ணன் முறையில் கூப்பிட்டு அவள் சொன்னாள். நான் தலையாட்டினேன். கோப்புறையைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் தெரிவுசெய்து எடுத்துப் போனேன்.

4.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

சிபானா கடிதத்தைக் கிழித்து எறிகிறாள். நல்ல காட்சி. ஆனால் என் வேலையை அவளைக்கொண்டு செய்விக்கும் தந்திரம்.

றிஸ்கான் மனம் வருந்தி… எனக்கு றிஸ்கானைத் தெரியும்.

மழை பெய்கிறது. மழையைக் கூலிக்குப் பிடிக்கும் எழுத்தாளனைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

இதுவரை எழுதியதைச் சிபானாவிடம் காட்டினேன். நின்றபடியே வாசித்தாள்.

“கதை நல்லா இரிக்கி, காக்கா. சனிக்கிழமை வருவீங்களா?”

நான் பேசவில்லை. என்னுடைய மௌனத்தை ஆழம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் நினைத்திருக்கிறேன்.

“உங்களுக்கு எழுதத்தான் ஏலும் போல” என்றாள். தாளைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாள்.

இன்று வெள்ளி. கடிதம் அவளுடைய பையில், கையெழுத்தில்லாமல் இருக்கிறது. நாளை பத்து மணிக்குச் சங்கத்தில் கூட்டம், அன்னப்பிள்ளையும் வருவார். முடிவை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் மூன்றாம் பகுதியை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு வாருங்கள். நான் எழுந்து பேசினால் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். பேசாவிட்டால், அவள் பேனாவைத் திறப்பதற்குமுன், எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.

நான் கடைசி வரிசையில் இருப்பேன்.