யாரைக் கட்டிப்பிடிக்கிறானோ அவர்தான்

கூலிக்குக் கொல்ற தொழில்லயும் ஒரு ஒழுங்கு உண்டுங்க. காசு கொடுக்கிறவன் கத்தியைப் பார்க்கமாட்டான். கத்தி பிடிக்கிறவனுக்கு ஆளைத் தெரியாது. நடுவுல ஒருத்தன் ஆளைக் காட்டிட்டு நழுவிடுவான். பாவத்தை மூணு பங்காப் போட்டா ஆளுக்குக் கொஞ்சம்தானாம். நல்லா இருக்கே நியாயம்!

நம்ம டிரைவர் ஆளைக் காட்டுறவனாப் போனான். யாரை? சொந்த அக்கா புருஷனை, பேக்கரிக்காரரை! பேக்கரியோட கூட்டாளி, "புதுக் கடை உனக்குத்தான்"னு ஆசை காட்டினான். இந்த மடையனும் தலையாட்டிட்டான். கடைக்குள்ள போய் யாரைக் கட்டிப்பிடிக்கிறானோ அவர்தான் ஆளுன்னு அடையாளம். வாசல்ல சிவப்புச் சட்டைக்காரன் நிப்பான். அவன் சொதப்பினா முடிக்க, தெருவுக்கு எதிர்ப்பக்கம் பைக்கில இன்னொருத்தன். ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது, அடையாளம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு.

கடைக்குள்ள கால் வச்சதும் டிரைவருக்கு மனசு மாறிடுச்சு. வேணாம், திரும்பிடலாம்னு நினைச்சான். அதுக்குள்ள அத்தான் போனும் கையுமா, உடம்பெல்லாம் மாவோட ஓடிவந்து அவனை இறுக்கிக் கட்டிக்கிட்டார்.

"மாப்ள! பொண்ணு பொறந்திருக்குடா! நீ தாய்மாமன் ஆயிட்டடா!"

ஐயோ! சிவப்புச் சட்டை கை இடுப்புக்குப் போயிடுச்சு.

டிரைவர் அத்தானை உதறிட்டு அடுப்புக்காரரைக் கட்டிப்பிடிச்சான். கல்லாக்காரரைக் கட்டிப்பிடிச்சான். கேக் வாங்க வந்த வாத்தியாரைத் தூக்கியே சுத்தினான். "நான் மாமன்டா! மாமன்!"னு கத்தினான். உயிர் பயமும் சந்தோஷமும் சேர்ந்து அவனை ஆட்டிச்சு. கடையே சிரிச்சு, ஆளாளுக்குக் கட்டிக்கிட்டாங்க. இதுல ஆளு யாருன்னு புரியாம சிவப்புச் சட்டை முழிச்சான். கடைசியில வாசலுக்குப் பாய்ஞ்சு சிவப்புச் சட்டையையும் வாரி அணைச்சான்.

பைக்கில இருந்தவன் கண்ணுக்குத் தெரிஞ்சது வாசல்ல நடந்த அந்த ஒண்ணுதான். வண்டியை விட்டு இறங்கி நேரா வந்தான். சிவப்புச் சட்டைக்கு விஷயம் விளங்கிடுச்சு. எடுத்தான் பாருங்க ஓட்டம்! ரெண்டு பேரும் தெருமுனை தாண்டிப் போயிட்டாங்க.

டிரைவர் அத்தான் கால்ல விழுந்தான். "உங்களைக் காட்டிக்கொடுக்கத்தான் வந்தேன் அத்தான்"னு ஒண்ணு விடாமச் சொல்லி அழுதான்.

அத்தான் மாவு மூட்டை மேல உக்காந்துட்டார்.

"போலீசுல வந்து இதையே சொல்லுவியா?"

"சொல்றேன்."

"உள்ள போட்டுடுவாங்கடா."

"போடட்டும் அத்தான்."

அவர் எழுந்து கையில இருந்த மாவைத் தட்டினார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு வா. மாமன் மூஞ்சியைக் குழந்தை ஒரு தடவை பார்த்துக்கட்டும். வண்டியை நீயே ஓட்டு."